ராட்வீலருக்கு ரப்பர் கூடை வாய்மூடி: கடைக்குப் போகும் முன் படியுங்கள்

சென்னையில் ராட்வீலர் நாயோ பிட்புல் நாயோ வைத்திருப்பவர்கள், கடிக்காமல் இருக்க அதன் வாயில் மாட்டுகிற வாய்மூடியை வாங்கக் கிளம்பும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வாயைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற நைலான் வாய்மூடி வேண்டாம். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கூடை வடிவத்தில் இருப்பதை வாங்குங்கள். நான் வாங்கியது கறுப்பு ரப்பர் கூடை, ஆறாம் நம்பர் அளவு, 1,450 ரூபாய். மார்கழியில் வாங்கினேன், இப்போது பங்குனி வெயில் ஆரம்பித்துவிட்டது. காலையும் மாலையும் நடைக்குப் போகும்போதெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பிராண்ட் பெயரைத் தேடி அலைய வேண்டாம். ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிற இந்தக் கூடை நாலைந்து பெயர்களில் விற்கிறது. அளவும் அமைப்பும்தான் முக்கியம்.

நான் பெரம்பூரில் பிளவுஸ், சுடிதார் தைக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். என் நாய் கருப்பன் நாலு வயது ஆண் ராட்வீலர், கடைசியாக எடை போட்டபோது 46 கிலோ. என் தம்பி குட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தது. அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்ததும் கருப்பன் எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். வெறிநாய்த் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம் எல்லாம் முறையாக இருக்கிறது. நான் உரிமம் எடுத்தபோது கஷ்டமே இல்லை. நாயின் படம், முகவரிச் சான்று, தடுப்பூசிச் சான்றிதழ் மூன்றையும் இணையத்தில் ஏற்றி 50 ரூபாய் கட்டினேன், ஒரு வருடத்துக்குச் செல்லும். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 கடைசியில் அறிவித்தார்கள். மற்ற வகை நாய் வைத்திருப்பவர்களும் 50 ரூபாய்க்குச் சோம்பல்பட்டு 5,000 கட்டாதீர்கள்.

வாய்மூடிக்கு வருகிறேன். 2025 டிசம்பர் 20 முதல் பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புதிய உரிமம் கிடையாது என்று சென்னை மாநகராட்சி முடிவெடுத்தது. மீறிப் புதிதாக வாங்கி வளர்த்தால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்கள் நாயை வெளியே கூட்டிப்போனால் கழுத்துப்பட்டையில் கயிறும் வாயில் மூடியும் கட்டாயம்.

இந்த முடிவு திடீரென்று வந்ததில்லை. 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. பிட்புல், ராட்வீலர், டோகோ அர்ஜென்டினோ, கேன் கோர்சோ, காக்கேசியன் ஷெப்பர்ட் என்று 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவோ, குட்டி போட வைக்கவோ, விற்கவோ கூடாது. வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றது அந்தக் கடிதம். சம்பந்தப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்காமல் போட்ட உத்தரவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. டெல்லி உயர் நீதிமன்றத்திலும் அது நிற்கவில்லை. அடுத்த மாதமே நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குக் கருப்பனின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அதே வாரம் தமிழக அரசு 23 வகைகளுக்கும் தடை என்று அறிவித்து, நீதிமன்ற உத்தரவு இருப்பதால் உடனே திரும்பப் பெற்றது. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். அதற்குப் பிறகு மாநகராட்சி சும்மா இருந்திருந்தால்தான் தப்பு.

அதனால் வாய்மூடி கட்டாயம் என்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. முழுமனதாக ஒத்துக்கொள்கிறேன். என் கவலை வேறு. நான் படித்த அறிவிப்புகளில் வாய்மூடி என்று மட்டும்தான் இருந்தது, எந்த மாதிரி வாய்மூடி என்று இல்லை. கடைகளில் எல்லோர் கைக்கும் முதலில் வருவது 200, 250 ரூபாய்க்குக் கிடைக்கும் நைலான் பட்டை. அதைப் போட்டால் சட்டப்படி சரிதான். ஆனால் நாய் தவித்துப்போகும்.

ஏன் என்றால், நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். உடம்புச் சூட்டை அது வாயைத் திறந்து, நாக்கை வெளியே விட்டு, வேகவேகமாக மூச்சு வாங்கித்தான் இறக்குகிறது. நல்ல ஆரோக்கியமான நாய்க்கே உடல் வெப்பம் 101, 102 டிகிரி இருக்கும். 106ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நைலான் பட்டை வாயைத் திறக்கவே விடாது. கறுப்பு ரோமம் போர்த்திய 46 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு, மாலை ஐந்து மணிக்கு இன்னும் அனல் அடிக்கிற தார்ச்சாலையில், வாயையும் கட்டிக்கொண்டு ஒரு நாய் நடந்தால் என்ன ஆகும்? ஊசி போடும்போதோ, காயத்துக்குத் தையல் போடும்போதோ டாக்டர் அந்தப் பட்டையைக் கட்டுவார், வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார். அதற்குத்தான் அது லாயக்கு. நடைக்கு இல்லை.

இரும்புக் கம்பிக் கூடையையும் கடையில் எடுத்துப் பார்த்தேன். காற்று நன்றாகப் போகும், உடையாது. ஆனால் வெயிலில் கம்பி சுடும். அதை மாட்டிக்கொண்டு பாசத்தில் நம் முழங்காலில் முட்டினால் ரத்தம் கட்டிவிடும். தோல் கூடை பார்க்க அழகாக இருக்கிறது, எச்சிலும் மழையும் பட்டால் நாறும். ரப்பர் இரண்டுக்கும் நடுவில். வளைகிறது, முட்டினால் வலிக்காது, கழுவி உலர்த்தினால் போதும். இன்னொரு வசதியும் உண்டு. நல்ல சூடான தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் ரப்பர் இளகும். அந்தச் சமயத்தில் கையால் அழுத்தி அகலத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் அப்படியே நின்றுவிடும். கருப்பனுக்குத் தாடைப் பக்கம் அகலம் ஜாஸ்தி, அதனால் இரண்டு பக்கமும் கால் இஞ்ச் விரித்துக்கொண்டேன்.

இனி அளவு. இதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். கடையில் இருந்த தம்பி, "ராட்வீலர்னா அஞ்சாம் நம்பர்தான்கா, கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றான். நல்ல பையன்தான், ஆனால் இனத்தின் பெயரை வைத்து அளவு சொன்னால் எப்படி? ஒரே துணியில் தைத்தாலும் அக்காவின் பிளவுஸ் தங்கைக்குப் பொருந்தாது. நான் இஞ்ச் டேப்பை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போயிருந்தேன், கருப்பனையும் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

எடுக்க வேண்டிய அளவு இவை. இரண்டு கண்ணுக்கும் சற்றுக் கீழே தொடங்கி மூக்கு நுனி வரை நீளம். கருப்பனுக்கு 4 இஞ்ச். வாயின் பருமனான இடத்தில் சுற்றளவு. இதை வாய் மூடியிருக்கும்போது எடுத்தால் பிரயோஜனம் இல்லை. கொஞ்ச தூரம் நடக்கவிட்டு, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கும்போது எடுக்க வேண்டும். வாய் மூடியிருந்தபோது கருப்பனுக்கு 14 இஞ்ச் வந்தது, மூச்சு வாங்கும்போது நன்றாகவே கூடியது. அந்தக் கூடுதல் அளவுக்குத்தான் கூடை வாங்க வேண்டும். அப்புறம் காதுக்குப் பின்னால் கழுத்துச் சுற்றளவு. போட்டுப் பார்க்கும்போது மூக்கு நுனிக்கும் கூடைக்கும் நடுவே அரை இஞ்ச் இடம் இருக்க வேண்டும். மேல் விளிம்பு கண்ணோரத்தில் இடிக்கக் கூடாது. கழுத்துப்பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் லூஸ். இவ்வளவும் பார்த்த பிறகு அஞ்சாம் நம்பர் பத்தவில்லை. ஆறாம் நம்பரில்தான் கருப்பன் நாக்கை முழுசாக வெளியே விட்டான்.

கடைசியாக ஒரு சோதனை. கடைக்காரரிடம் கேட்டு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். கூடையைப் போட்டபடியே குனிந்து சளக் சளக்கென்று குடித்தான். குடிக்க முடியாத வாய்மூடியை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள்.

வாங்கி வந்த அன்றைக்கே மாட்டிக்கொண்டு தெருவில் இறங்காதீர்கள். நாய்க்கு அது என்னவென்றே தெரியாது. காலால் பிறாண்டும், தரையில் தேய்க்கும், மூக்கில் புண்ணாக்கிக்கொள்ளும். நான் முதலில் கூடையைச் சும்மா கிண்ணம்போலப் பிடித்துக்கொண்டு, உள்ளே வேகவைத்த கோழி ஈரல் துண்டைப் போட்டேன். அவனாக மூக்கை விட்டு எடுத்துச் சாப்பிட்டான். பட்டையைக் கட்டவே இல்லை. பிறகு உள்பக்கம் கெட்டித் தயிரைத் தடவிவைத்தேன். நக்கி முடிக்கும் வரைக்கும் மூக்கு உள்ளேயே இருக்கும் இல்லையா, அந்த நேரத்தில் பட்டையைக் காதுக்குப் பின்னால் லேசாகத் தொட்டு எடுத்தேன். பிறகு மாட்டி உடனே கழற்றினேன். பிறகு வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு உலாத்தல், பிறகு மொட்டை மாடி, கடைசியில்தான் தெரு. இப்போது கூடையைக் கையில் எடுத்தாலே நடைக்குப் போகிறோம் என்று வாலாட்டிக்கொண்டு வந்து மூக்கை நீட்டுகிறான். ராட்வீலருக்கு வால் வெட்டுகிற வழக்கம் உண்டு. என் தம்பி வெட்டவிடவில்லை, அதற்காக அவனுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூக்குத்தண்டின் மேல் படிகிற ரப்பர் விளிம்புக்கு அடியில் மெத்தை எதுவும் இல்லை. சில வாரத்தில் அங்கே முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. பழைய பனியன் துணியை இரண்டு மடிப்பாக மடித்து, உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்து, விளிம்பைச் சுற்றிக் கையால் தைத்தேன். இப்போது முடி திரும்ப வளர்ந்துவிட்டது. தையல் தெரியாதவர்கள் தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. 1,450 ரூபாய்க்கு விற்கிற பொருளில் இதை அவர்களே செய்து கொடுத்திருக்க வேண்டும்.

கழுத்துப்பட்டையில் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு இஞ்ச். ஒன்றில் மாட்டினால் இறுக்கம், அடுத்ததில் லூஸ். செருப்பு தைப்பவரிடம் கொடுத்து நடுவில் ஒவ்வொரு ஓட்டை போட்டு வாங்கினேன். நெற்றி வழியாகக் கழுத்துப்பட்டைக்குப் போகிற மேல்பட்டை ஒன்று தனியாகக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று அதைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றாதீர்கள். அது இல்லாவிட்டால் பெரிய நாய் முன்காலால் ஒரே இழுப்பில் கூடையைக் கீழே தள்ளிவிடும். கழுவுவதும் தினசரி வேலைதான். ராட்வீலர் விடுகிற எச்சில் கூடையின் மூலைகளில் காய்ந்து ஒட்டும், பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போகும்.

நான் எதிர்பார்க்காத ஒரு நன்மையும் கிடைத்தது. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரியாணி எலும்பு எங்கே பார்த்தாலும் கிடக்கும். முன்பெல்லாம் அவன் வாயிலிருந்து அதைப் பிடுங்குவதற்குள் உயிர் போய்விடும். இப்போது மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். ஆனால் கூடையின் ரப்பர் பட்டைகளுக்கு நடுவே என் விரல் நுழைகிற இடம் இருக்கிறது. ஈரல் துண்டு கொடுக்க எனக்கு வசதி. சின்னக் குழந்தைகள் அதற்குள் விரலை விட்டுவிடலாம், அதனால் குழந்தைகளை அருகில் வந்து தொடவிடுவதில்லை.

தெரு என்ன சொல்கிறது என்றால், ஆரம்பத்தில் பயம் கூடத்தான் செய்தது. மூடி போட்டிருப்பதால் கடித்த நாய் போலிருக்கிறது என்று நினைத்து எதிர்ப்பக்கம் போனார்கள். பூக்கார அம்மாவுக்கு வேறு கவலை. "ஏம்மா, வாயைக் கட்டிட்டியே, பாவம், மூச்சு முட்டாதா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். "நாக்கைப் பாருங்கம்மா, எவ்வளவு தாராளமா இருக்கான்னு" என்று காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "அட ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் சொன்னதிலிருந்து பக்கத்தில் உட்காரும் காய்கறிக்காரரும் பயப்படுவதில்லை. மாடிவீட்டுப் பாட்டி எங்களைப் படிக்கட்டில் பார்த்தால் முன்பு திரும்பி மேலே ஏறிப்போய்விடுவார். முழங்கால் வலியோடு அவர் அப்படி ஏறுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சங்கடமாக இருக்கும். இப்போது சுவரோரமாக ஒதுங்கி நின்று, "போம்மா, போ" என்கிறார். 1,450 ரூபாயில் எனக்குக் கிடைத்தவற்றில் மதிப்பானது இதுதான். நம் நாய் ஒன்றும் செய்யாது என்று நமக்குத் தெரியும். படிக்கட்டில் எதிரே வருகிற பாட்டிக்கு அது எப்படித் தெரியும்?

ஆனால் வாய்மூடி கடியை மட்டும்தான் தடுக்கும். பாய்ச்சலைத் தடுக்காது. 46 கிலோ எடை ஓடிவந்து நெஞ்சில் மோதினால் வாய் மூடியிருந்தாலும் வயசானவர்கள் மல்லாந்து விழுந்துவிடுவார்கள், இடுப்பு எலும்பு முறியும். அதனால் கயிறுதான் முதலில். பட்டன் அழுத்தினால் நீள்கிற சுருள் கயிறு பெரிய நாய்க்கு ஆகாது. நாலு அடியில் தடிமனான கயிறு, உலோகக் கொக்கி, பிடிப்பவர் நாயை நிறுத்தக்கூடிய ஆளாக இருக்க வேண்டும். என் மகளுக்குப் பதினைந்து வயது, கருப்பன் என்றால் உயிர். இருந்தாலும் அவளைத் தனியாகக் கூட்டிப்போக விடுவதில்லை. வீட்டு வாசல் கேட்டைத் தாழ்ப்பாள் போடுவதும் இதில் சேர்ந்ததுதான். நாயைக் கவனக்குறைவாக விட்டு அதனால் யாருக்காவது ஆபத்து என்றால் நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அந்தப் பிரிவு ராட்வீலர், நாட்டுநாய் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. எனக்கு அந்தப் பிரிவுதான் நியாயமாகப் படுகிறது.

இனத்தை வைத்துச் சட்டம் போட்டால் வருகிற சிக்கலை லண்டனில் இருக்கிற ஒரு வாடிக்கையாளர் சொன்னார். அங்கே 1991லேயே பிட்புல் உட்பட நாலு வகைகளைத் தடை செய்துவிட்டார்கள். பிறகு எக்ஸ்எல் புல்லி என்று ஒரு பெரிய வகை சேர்ந்தது. 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். வெளியே போனால் வாய்மூடி, கயிறு கட்டாயம். எது எக்ஸ்எல் புல்லி என்று முடிவு செய்ய டேப்பை எடுத்துத் தோள் உயரம் பார்க்கிறார்கள்; ஆண் என்றால் 20 இஞ்ச், பெண் என்றால் 19 இஞ்ச் இருக்க வேண்டும். அதோடு தலை, தாடை, உடல்வாகு எல்லாம் பார்ப்பார்களாம். அளவெடுத்துப் பிழைக்கிற எனக்கே இது கஷ்டமான வேலையாகத் தெரிகிறது. நம் ஊரில் பாதி பிட்புல், பாதி வேறு ஏதோ என்று எத்தனையோ நாய்கள் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் நமக்கு இல்லை இந்தச் சட்டம் என்று வாய்மூடி போடாமல் நடக்கிறார்கள். தயவுசெய்து போடுங்கள். அபராதத்துக்காக வேண்டாம், எதிரே வருகிற குழந்தைக்காகப் போடுங்கள்.

யாருக்கு இந்தக் கூடை சரிவராது என்றும் சொல்கிறேன். மூக்கு சப்பையான நாய்களுக்கு இது நிற்காது, நழுவிவிடும். பிட்புல்லுக்குக் கன்னம் ரொம்ப அகலம், மூக்கு குட்டை. இந்த அச்சில் அகலம் போதாது என்று நினைக்கிறேன், கட்டாயம் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். வளர்கிற குட்டிக்கு விலை அதிகமானதை வாங்காதீர்கள், சீக்கிரமே சின்னதாகிவிடும். இணையத்தில் வாங்குவதானால் அளவு மாற்றித் தருவார்களா என்று முதலில் பாருங்கள். கத்திரி வெயிலில் எந்த வாய்மூடியாக இருந்தாலும் காலை ஆறரைக்கு முன்னும் இரவு எட்டுக்குப் பின்னும்தான் நடை. உள்ளங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயை இறக்காதீர்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு நாலு. காற்று, தண்ணீர், உறுதி மூன்றிலும் முழுத் திருப்தி. மெத்தையில்லாத மூக்கு விளிம்புக்கும் ஒழுங்கில்லாத ஓட்டைகளுக்கும் ஒரு மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டேன். நைலான் பட்டைக்கு என்ன கொடுப்பீர்கள் என்று யாராவது கேட்டால், டாக்டர் மேசையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை.